நீர்க்கடுப்பு: சூடா, கிருமியா?

தேனி மாவட்டத்தில் போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கங்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும், கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டத்துக்கும், குமுளி வழியாக அணக்கரைக்கும் வண்டன்மேட்டுக்கும் கேரளத்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு தூக்குவாளிச் சோறு, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். சாயங்காலம் மலை இறங்கும்போது தூக்குவாளி காலியாக இருக்கும். பல பாட்டில்களில் தண்ணீர் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். தாகம் எடுக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டி வரும். ஒதுங்க இடம் கிடையாது. கங்காணியின் கண் முன்னால் நடுவில் எழுந்து போகவும் கூச்சம். ஆகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் எரிச்சல் வருகிறது. சொட்டுச் சொட்டாகப் போகிறது, ஒவ்வொரு சொட்டும் சுரீரென்கிறது. சூடு பிடித்திருக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுவதும், அடிவயிற்றில் ஈரத் துணி போடுவதும், ஊறவைத்த வெந்தயத்தை மோரோடு விழுங்குவதும் நடக்கும். சிலருக்கு மறுநாளே சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் வந்தது ஒரே நோய் என்று நினைப்பதில்தான் குழப்பம் எல்லாம் ஆரம்பமாகிறது.

உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் இருக்கிற நீரைச் சேமிக்கப் பார்க்கும். அப்போது வெளியேறும் சிறுநீர் கொஞ்சமாகவும் அடர் மஞ்சளாகவும் கழிவுப் பொருள்கள் செறிந்ததாகவும் இருக்கும். அந்தச் செறிவே எரிச்சலைத் தரலாம். இதில் கிருமிக்கு வேலை இல்லை. நாலைந்து டம்ளர் நீரோ மோரோ இளநீரோ குடித்துச் சிறுநீர் வெளுத்தவுடன் எரிச்சலும் போய்விடும். எண்ணெயும் வெந்தயமும் பெயர் வாங்கிக்கொள்வது இந்த வகையில்தான்.

மற்றது பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள் குடியேறிப் பெருகுவதால் வருவது. சிறுநீர்ப்பைத் தொற்று என்பது இதைத்தான். தண்ணீர் குடித்து நிறம் தெளிந்த பிறகும் எரிச்சல் நிற்காது. போய்விட்டு வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி முட்டும். போனால் இரண்டு சொட்டு. அடக்க முடியாத அவசரம், தொப்புளுக்குக் கீழே ஒரு கனமான வலி, கலங்கல், கெட்ட வாடை, சில நேரம் ரத்தச் சாயல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். வாடையும் கலங்கலும் மட்டும் இருந்து வேறு தொல்லை எதுவும் இல்லையென்றால் தொற்று என்று முடிவுகட்ட வேண்டாம். உணவாலும் நீர் குறைவாலும் அவை வரும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு சிறுநீரகங்களும் நாள் முழுக்க ரத்தத்தை வடிகட்டி, சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை சிறுநீரை உண்டாக்குகின்றன. அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சொட்டிச் சொட்டிச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. பை தசையால் ஆனது, விரிந்து கொடுக்கும். 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும்; 400, 500 மில்லி வரை தாங்கும். அங்கிருந்து ஒரே ஒரு வழி வெளியே போகிறது. பெண்களுக்கு அந்த வழியின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு இந்தத் தொற்று ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே பெரும்பகுதிப் பதில். பெண்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதைப் பார்த்துவிடுகிறார்கள்.

வருகிற கிருமி எங்கோ வெளியிலிருந்து வருவதில்லை. பத்தில் ஏழு எட்டுப் பேருக்குக் காரணமாக இருப்பது ஈ.கோலை என்கிற பாக்டீரியா. தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் குழந்தைகளின் மலத்திலிருந்து இதை அடையாளம் கண்டார்; பெயரும் அவர் பெயரிலிருந்தே வந்தது. நம் எல்லோருடைய குடலிலும் இது காலங்காலமாக இருக்கிறது, அங்கே இருக்கும் வரை பெரும்பாலும் தொல்லை தராது. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலிருந்து முன்பக்கம் நகர்ந்து, அந்த 4 சென்டிமீட்டரைக் கடந்து பைக்குள் நுழையும்போதுதான் சிக்கல். கிளப்சியெல்லா, புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் என்று வேறு சிலவும் உண்டு. சாதாரண வாசகர் ஈ.கோலையைத் தெரிந்துகொண்டால் போதும்.

நுழைவது அரிய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆரோக்கியமான பெண்ணுக்கும் அவ்வப்போது நடப்பதுதான். உடல் அதைச் சமாளிக்கும் முறை மிக எளியது: அடித்துக்கொண்டு போய்விடுவது. பை நிரம்பி, நன்றாகச் சுருங்கி, சிறுநீர் வேகமாக வெளியேறும்போது உள்ளே வந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மிஞ்சியதைப் பையின் உட்சுவரும் வெள்ளை அணுக்களும் பார்த்துக்கொள்ளும்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். நல்ல சத்தும் இதமான வெப்பமும் கிடைத்தால் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காலை எட்டு மணிக்கு ஒன்று இருந்தால், பிற்பகல் மூன்று மணிக்கு இருபது லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆய்வகச் சூழலின் கணக்கு இது. சிறுநீரில் அவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் கணக்கு போகிற திசை அதுதான். நடுவில் இரண்டு முறை போய்விட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் கூட்டம் கலைந்துவிடும். காலையில் ஜீப் ஏறியதிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருந்தால் கலைக்க ஆளில்லை. தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், வருகிற சிறுநீரே குறைவு; அடித்துச் செல்ல வேகமும் இல்லை. அடக்குவதும் குடிக்காமலிருப்பதும் ஒன்றுக்கொன்று துணை போகிற இரட்டைத் தவறு. அந்தத் தவறு அந்தப் பெண்ணுடையது மட்டும் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடித்துப் போகிற சிறுநீரையும் மீறிச் சில பாக்டீரியாக்கள் எப்படித் தங்குகின்றன? ஏலக்காட்டு மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடையில் காலை அலசினால் சேறு போகும், அட்டை போகாது. அது வாயால் கவ்விக்கொண்டிருக்கிறது. தொற்றை உண்டாக்கும் ஈ.கோலையின் உடல் முழுக்க மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. அவற்றின் நுனியில் உள்ள ஒரு புரதம், சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரையைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை உதற உடல் இன்னொரு வேலை செய்கிறது: அந்தச் செல்களையே உரித்து வெளியே தள்ளிவிடுகிறது. எரிச்சலுக்கும் அவசரத்துக்கும் இந்தப் போராட்டமே காரணம். சில பாக்டீரியாக்கள் அதற்குள் செல்லின் உள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். மாத்திரை முடிந்து சில வாரங்களில் சிலருக்குத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் தொற்று வந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி வருகிறது.

திருமணமான புதிதில் இது வருவதை ஊரில் கிசுகிசுப்பாகப் பேசுவார்கள். உடலுறவின்போது அந்த வாசல் பகுதியிலுள்ள பாக்டீரியா உள்ளே தள்ளப்படுவது உண்மை; இளம் பெண்களில் அது முக்கியமான காரணம். அதற்காக இதைப் பால்வினை நோய் என்று எண்ணக் கூடாது. கணவனிடமிருந்து ‘ஒட்டியது’ என்று அவனுக்கும் சேர்த்து மாத்திரை கொடுக்கிற நோய் இல்லை இது. உறவுக்குப் பின் எழுந்து சிறுநீர் கழித்துவிடுவது நல்ல பழக்கம், செலவும் இல்லை.

மாதவிடாய் நின்ற பிறகு கதை மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைவதால் பெண்ணுறுப்பில் காவலுக்கு இருந்த லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துபோகும். அந்த இடத்தில் குடல் பாக்டீரியா வந்து உட்காரும். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் அடிக்கடி வருகிற தொற்றுக்கு வெறும் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதைவிட, உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்கு நன்றாகப் பலன் தருகிறது. அந்த வயதுப் பெண்கள் இதை மருத்துவரிடம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

அழுக்கு என்கிற பழி

இந்த நோய் வந்தால் பெண்கள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், சுத்தமில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம். இதைவிட அநியாயமான பழி இல்லை. தொற்று வருகிற பெண்களில் பலர் அளவுக்கு மீறிச் சுத்தம் பார்க்கிறவர்கள். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் என்று உள்ளே வரை கழுவுகிறவர்கள் மேலே சொன்ன காவல் பாக்டீரியாக்களையும் சேர்த்தே விரட்டுகிறார்கள். வெறும் தண்ணீர் போதும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். மழையில் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு ஈர உடையோடு நாள் முழுக்க வேலை செய்வதால் தோல் புண்ணும் பூஞ்சை அரிப்பும் வரும். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அதை நேரடிக் காரணமாகச் சொல்வதற்கில்லை.

இன்னொரு நம்பிக்கை, பஸ் நிலையக் கழிப்பறைக்குப் போனதால் தொற்றிக்கொண்டது என்பது. கிருமி நம்முடைய குடலிலிருந்தே வருகிறது என்று பார்த்தோம். அசுத்தமான கழிப்பறை அருவருப்பானதுதான், வேறு நோய்களைத் தரக்கூடியதுதான்; ஆனால் அதற்குப் பயந்து குமுளியிலிருந்து மதுரை வரை அடக்கிக்கொண்டு பயணம் செய்வதே சிறுநீர்ப்பைக்குப் பெரிய கேடு. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது போய்விட்டு வருவது நல்லது.

போக இடம் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிநீரையும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடத்தையும் தோட்டக்காரரின் கடமையாகச் சொல்லிவிட்டது. ஆனால் அது 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்கிற தோட்டங்களுக்கானதாக இருந்தது. இடுக்கி மலையில் சின்னச் சின்ன ஏலத் தோட்டங்கள் நிறைய. அந்த எல்லைக்கு வெளியே இருந்தவற்றில் வேலை செய்த பெண்ணுக்கு அந்தச் சட்டம் இருந்தும் இல்லாதது போலத்தான் இருந்தது. தோட்டத்துக்கு மட்டும் உரிய கதையும் இல்லை இது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டபோது முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். உட்காருகிற உரிமை அதன் பிறகு வந்தது. 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்கள் உட்காருவதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தன. சிறுநீர்ப்பைத் தொற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வேலை கொடுக்கிறவரிடம் ஒரு கழிப்பறை கட்டுங்கள் என்று சொல்லாமல் அந்த வரியை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கழிப்பறை வரும் வரை? இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது, குடையையோ துண்டையோ மறைப்பாகப் பிடித்துக்கொள்வது, அட்டைக்கு உப்பு வைத்துக்கொள்வது என்று பெண்கள் தாங்களே வழி கண்டிருக்கிறார்கள். ஜீப் ஏறுமுன் ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, இறங்குமுன் ஒரு முறை என்று முட்டாவிட்டாலும் போய்விடுவது நல்லது. அரைகுறையாக எழுந்துவிடாமல் முழுதும் காலியாகும்படி நிதானமாக உட்கார வேண்டும். தண்ணீரின் பலனுக்கு நல்ல சான்று உண்டு. அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போலக் குடித்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. ஏறக்குறைய பாதி. எவ்வளவு குடிப்பது என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். குமுளி ஓட்டல்களில் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டு இளஞ்சிவப்பாகத் தருகிற வெந்நீரும் கணக்கில் சேரும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, தண்ணீருக்கு மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே சரி.

வாழைத்தண்டு, நெருஞ்சில் குடிநீர், பார்லிக் கஞ்சி எல்லாம் இந்த வகையில் நல்லவை. உள்ளே நீர் போகிறது. ஒட்டிக்கொண்டுவிட்ட கிருமியை அவை கொல்லும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். லேசான தொற்று சில நேரம் தானாகவே அடங்கிவிடும். அப்போது கடைசியாகக் குடித்தது எதுவோ அது மருந்தாகிவிடுகிறது! கிரான்பெரி மாத்திரை என்று விலை கூடிய டப்பாக்கள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. அடிக்கடி வருகிறவர்களுக்குத் தடுப்பதில் ஓரளவு பயன் தெரிகிறது, வந்த தொற்றைத் தீர்க்காது. கடையில் வாங்குகிற சிட்ரேட் சிரப்பும் அப்படியே. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டு மாத்திரைப் பழக்கம்

கிருமிக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். எந்த ஆன்டிபயாடிக் என்பதில்தான் ஊர் முழுக்க ஒரு கெட்ட பழக்கம். மருந்துக் கடையில் போய் ‘நீர்க்கடுப்புக்கு இரண்டு மாத்திரை’ என்று கேட்பது, நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ வாங்கி விழுங்குவது, எரிச்சல் குறைந்ததும் மிச்சத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிடுவது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்தால் எடுத்துக் கொடுப்பது. பல்லாண்டுகளாக இப்படிப் பயன்படுத்தியதில், இந்தியாவில் ஈ.கோலையில் பெரும்பகுதி இந்த இரண்டு மருந்துக்கும் மசிவதில்லை. அரைகுறையாகச் சாப்பிட்டால் பலவீனமான பாக்டீரியா சாகும். தாக்குப்பிடித்தவை மிஞ்சிப் பெருகும். அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாது. குடலில் தங்கிய அந்தப் பாக்டீரியா வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் போகும்.

சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் ஆகிய இரண்டையும். முன்னது வழக்கமாக ஐந்து நாள், பின்னது ஒரே வேளை, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. நைட்ரோஃபியூரன்டாயின் பழைய மருந்து, 1950-களிலிருந்து இருக்கிறது. அது சிறுநீரில் மட்டுமே செறிந்து நிற்கும், ரத்தத்தில் மிகக் குறைவு. அதனால் பைக்கு நல்லது, சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்றுக்கு உதவாது. சாப்பிடும்போது சிறுநீர் கரும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் பயப்பட வேண்டியதில்லை. சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. பெயரைச் சொன்னதால் நேராகக் கடைக்குப் போய்விட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

மாத்திரை அட்டையின் முதுகில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் விழிப்புணர்வுக்காக 2016-இல் நாடு முழுக்க இந்தக் கோட்டைப் பற்றிப் பிரசாரம் செய்தார்கள். கேரளம் 2018-இலேயே ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனுக்கென்று, அதாவது கிருமி மருந்துக்கு மசியாமல் போவதைச் சமாளிக்க, மாநில அளவில் ஒரு செயல்திட்டம் வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல். 2024 தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில், சீட்டில்லாமல் விற்கிற மருந்துக் கடைகளில் சோதனையும் நடத்தியது. மேலே கேரளத்தில் கொடுக்க மறுத்தால் கீழே தமிழ்நாட்டுக்கு இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு எளிதாக வந்துவிடும். சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். செக்போஸ்ட்டில் கிருமியை யாரும் நிறுத்துவதும் இல்லை.

சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது கல்ச்சர் பரிசோதனை. மருத்துவர் எல்லோருக்கும் அதை எழுத மாட்டார். கர்ப்பமில்லாத, வேறு நோயில்லாத இளம் பெண்ணுக்கு முதல் முறையாக வந்தால் அறிகுறிகளைக் கேட்டே மருந்து தரலாம். திரும்பத் திரும்ப வந்தால், கொடுத்த மருந்து கேட்கவில்லையென்றால், காய்ச்சல் இருந்தால், கர்ப்பிணியாகவோ ஆணாகவோ இருந்தால், சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் கல்ச்சர் வேண்டும். அதுவும் ஆன்டிபயாடிக் ஒரு வேளைகூட விழுங்குவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் கொடுத்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். பழைய சிரப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால், பாட்டிலில் இருந்ததற்கும் சேர்த்து நமக்கு வைத்தியம் நடக்கும். பிடித்த சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நெடுங்கண்டத்தில் காலையில் பிடித்து, ஜீப் வெயிலில் கிடந்து, மத்தியானம் கம்பத்தில் கொடுத்தால் வழியிலேயே பாக்டீரியா பெருகி முடிவைக் கெடுத்துவிடும். கொடுக்கிற இடத்திலேயே பிடிப்பது உத்தமம்.

அறிகுறி எதுவுமே இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிகிறவர்கள் நிறையப் பேர், முக்கியமாக வயதானவர்கள். அவர்களுக்குப் பொதுவாக மருந்து வேண்டியதில்லை. கொடுத்தால் கிருமியின் எதிர்ப்புத்திறன் வளருவதுதான் மிச்சம். கர்ப்பிணிகள் இதற்கு விலக்கு. கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருப்பதால் கிருமி சிறுநீரகம் வரை எளிதாக ஏறும், குறைப்பிரசவ ஆபத்தும் கூடும். அதனால் தொல்லை இல்லாவிட்டாலும் ஆரம்ப மாதங்களிலேயே பரிசோதித்து, கிருமி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு வந்தால், வயதானவராக இருந்தால் குறிப்பாக, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பை முழுதும் காலியாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்னக் குழந்தைக்குச் சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். எரிகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

பைக்குள் நிற்கிற தொற்றுக்குப் பொதுவாகக் காய்ச்சல் வராது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஒரு புறமாக வலி, குமட்டல், வாந்தி என்று வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். மலை வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மழையில் நனைந்தது, கூடை சுமந்தது என்று மூன்றுக்கும் தயாராக ஒவ்வொரு காரணம் இருக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு காய்ச்சல் மாத்திரையோடு படுத்துவிடுவார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும், எல்லைக்கு எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேலே இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயதானவர் திடீரென்று ஆள் தெரியாமல் பிதற்றினாலும் தாமதிக்கக் கூடாது.

கல்ச்சர் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்தத் தாளில் முதலில் பாக்டீரியாவின் பெயரும், ஒரு மில்லியில் எத்தனை இருந்தன என்ற எண்ணிக்கையும் இருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் என்பது வழக்கமான அளவுகோல்; எரிச்சல் இருக்கிறவருக்கு அதைவிடக் குறைந்தாலும் மருத்துவர் தள்ளிவிட மாட்டார். கீழே மருந்துகளின் பட்டியல் வரும். எஸ் என்ற எழுத்து போட்டிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் போட்டிருந்தால் அடங்காது. மருத்துவரிடம் போகும்போது எந்த மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓராண்டில் மூன்று முறையோ ஆறு மாதத்தில் இரண்டு முறையோ வந்துவிட்டால் அடிக்கடி வருகிற தொற்று என்று கணக்கிட்டு, கல்லோ வேறு அடைப்போ இருக்கிறதா என்று ஸ்கேன் எழுதலாம். அப்போது பழைய தாள்கள் எல்லாம் தேவைப்படும். வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்று இருக்கிறவர்களுக்கு ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்ட வாய்ப்புக் குறைவு. வண்டன்மேட்டில் எடுத்த முடிவைக் கம்பத்து மருத்துவர் பார்த்தால் அவருக்கு இரண்டு நாள் மிச்சம், உங்களுக்கு ஒரு தவறான மாத்திரை மிச்சம். தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தால் எழுத்து அழிந்துவிடும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.